காதுக்கு ஒரு பாடவேளை

பாலர் வகுப்பில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று அட்டைகளைக் காட்டிக் கேட்டால் பிள்ளைகள் தயங்காமல் பெயர் சொல்லிவிடுவார்கள். ஒலிக்கு அப்படி ஒரு பயிற்சி நம்மில் யாருக்கேனும் கிடைத்ததுண்டா? இரைச்சல் என்கிறோம், இனிமை என்கிறோம், கரகர என்றும் கணகண என்றும் சொல்கிறோம். அதற்குமேல் பெயர் சொல்ல நம்மால் இயலுவதில்லை. வள்ளுவர் கேள்விக்கென்று தனி அதிகாரமே வகுத்தார் என்று மேடையில் பெருமை பேசும் நாம், கேட்கும் கருவியாகிய காதைப் பழக்குவதற்கு ஒரு பாடவேளைகூட ஒதுக்கியதில்லை.

இக்குறையை ஓரளவு நீக்கக் கைபேசியிலேயே செயலிகள் வந்துள்ளன. ஒலியின் அதிர்வெண்ணைக் காதாலேயே இனம் காணப் பழக்கும் செயலிகள் அவை. பள்ளி வளாகத்தில் கைபேசிக்கு இடமில்லை என்னும் விதி இருக்கும்போது இவற்றை மட்டும் அனுமதிக்கலாமா என்ற பேச்சு இவ்வாண்டு எங்கள் வகுப்பிலும், ஆசிரியர் அறையிலும், பெற்றோர் சிலரிடையேயும் எழுந்தது. விழா நாட்களில் ஒலிபெருக்கிப் பணிக்கு உதவி செய்து வரும் மேல்நிலை மாணவியர் என்ற முறையில் எங்கள் கருத்தை இம்மலரில் முன்வைக்கிறோம். அனுமதிக்கலாம் என்பதே எங்கள் கருத்து. ஆனால் எதற்காக, எந்த அளவுக்கு என்பதைச் சொல்லாமல் விட்டால் அது வெறும் கைபேசி ஆசையாகப் போய்விடும்.

செயலி இன்னது செய்யும் என்பதை அறியாதவர்களுக்காகச் சற்று விளக்குகிறோம். குவிஸ்டோன்ஸ் போன்ற ஒரு செயலியைத் திறந்தால் ஓர் இரைச்சல் கேட்கும். ஓட்டுக் கூரைமேல் பெய்யும் மழை போலவும், தொலைவில் விழும் அருவி போலவும், தாழ்ந்த ஒலி முதல் உயர்ந்த ஒலி வரை எல்லாம் கலந்த இரைச்சல் அது. ஒலிப் பொறியாளர்கள் அதைப் ‘பிங்க் நாய்ஸ்’ என்பர். சில நொடிகளில் அதன் ஒரு சிறு பகுதி மட்டும் தூக்கலாக ஒலிக்கும். தூக்கிய பகுதி எது? 250ஆ, 500ஆ, 1,000ஆ, 2,000ஆ என்று திரையில் விடைகள் நிற்கும். ஒன்றைத் தொட்டால் சரியா தவறா என்று உடனே தெரிந்துவிடும். இரைச்சலுக்குப் பதிலாக ஒரு பாட்டை வைத்தும் பயிலலாம். பார்ப்பதற்குச் சிறுபிள்ளை விளையாட்டாகத் தோன்றும். விளையாடிப் பார்த்தவர்களுக்கே அதன் கடினம் தெரியும்.

அந்த எண்கள் எல்லாம் ஹெர்ட்ஸ் கணக்கு. ஒரு நொடியில் எத்தனை அதிர்வு என்பதை அது குறிக்கும். ஜெர்மானிய இயற்பியலறிஞர் ஹைன்ரிக் ஹெர்ட்ஸின் பெயரால் அமைந்த அளவு என்பதைப் பதினோராம் வகுப்புத் தோழியர் அறிவர். நலமுள்ள இளஞ்செவி 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். மேலைநாட்டு இசைக்குழுக்கள் சுருதி சேர்த்துக்கொள்ளும் ‘ஏ’ என்னும் சுரம் 440. அதை இரட்டித்து 880 ஆக்கினால் அதே சுரம் மேல் ஸ்தாயியில் ஒலிக்கும். இதில் எங்களை வியக்க வைத்த செய்தி ஒன்று உண்டு. பியானோவின் வலக்கோடியில் உள்ள கடைசிக் கட்டையே ஏறத்தாழ 4,186 ஹெர்ட்ஸ்தான்! அப்படியானால் அதற்குமேல் 20,000 வரை பரந்து கிடக்கும் வெளியில் என்னதான் இருக்கிறது? சலங்கையின் மினுக்கம், ஜால்ராவின் கூர்மை, பாடுகிறவளின் மூச்சு, ‘ஸ்’ என்னும் எழுத்தின் சீறல் ஆகியவை இருக்கின்றன. அங்கே சுரம் என்று சொல்வதற்கு அதிகமில்லை. ஒலியின் நிறம்தான் உண்டு.

சுரம் பிடிக்கத் தெரிந்த எங்களுக்கு இப்பயிற்சி எதற்கு என்று பாடகர் குழுத் தோழியர் கேட்கக்கூடும். சுரஞானம் வேறு, இது வேறு. நம் சங்கீதத்தில் ‘ச’வை அவரவர் குரலுக்கேற்ற இடத்தில் வைத்துக்கொள்ளலாம். மற்ற சுரங்கள் அதைப் பின்தொடரும். இங்கோ 1,000 என்றால் யார் பாடினாலும், எந்த வாத்தியம் வாசித்தாலும் 1,000தான். அது வண்ண அட்டையைப் பார்த்துப் பெயர் சொல்வது போன்றது.

எண்ணை எப்படி நினைவில் நிறுத்துவது? இதற்கு ஒரு வழி உண்டு, தமிழ்ப் பிள்ளைகளாகிய நமக்கு அது மிகவும் எளிது. ‘ஊ’ என்று நீட்டிச் சொல்லிப் பாருங்கள். 250 ஹெர்ட்ஸ் பகுதி தூக்கினால் இரைச்சல் ஏறத்தாழ அந்தச் சாயலில் இருக்கும். 500 தூக்கினால் ‘ஓ’. 1,000 தூக்கினால் ‘ஆ’. 2,000க்கு ‘ஏ’. 4,000க்கு ‘ஈ’. 8,000க்குப் போனால் உயிரெழுத்தே நின்று ‘ஸ்ஸ்’ என்றாகிவிடும். ஊ, ஓ, ஆ, ஏ, ஈ என்று வரிசையாகச் சொல்லும்போது தொண்டையும் நாவும் உதடும் மாறுவதை உணரலாம். ஒலியின் எந்தப் பகுதியைத் தூக்குவது என்பதை நம் வாய் ஒவ்வொரு சொல்லிலும் செய்துகொண்டுதான் இருக்கிறது. துல்லியமான அளவு அல்ல இது, ஒரு கைப்பிடி மட்டுமே. ஆனாலும் கைப்பிடி இல்லாத பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்குவது எத்தனை பாடு என்பது வீட்டில் சமையலுக்கு உதவும் எல்லாருக்கும் தெரியும்.

புதுக்கருவி என்றாலே ஐயுறுகிறவர்களுக்கு ஒரு பழங்கதை சொல்ல வேண்டும். ஏறத்தாழ 1,000 ஆண்டுகளுக்கு முன் இத்தாலியில் கீதோ என்னும் ஆசீர்வாதப்பர் சபைத் துறவி இருந்தார். அக்காலத்தில் பாடகர்கள் பாட்டை ஆசிரியர் வாய்வழியாகக் கேட்டுக் கேட்டே மனப்பாடம் செய்தனர். கேட்டறியாத பாட்டையும் தாமே பார்த்துப் பாடும்படி இளையோரைப் பழக்க அவர் வழி தேடினார். புனித ஸ்நாபக அருளப்பரைக் குறித்த இலத்தீன் கீதம் ஒன்றில் ஒவ்வோர் அடியும் முந்தியதைவிட ஒரு படி உயர்ந்த சுரத்தில் தொடங்கும். அந்த அடிகளின் முதலசைகளையே சுரங்களுக்குப் பெயராக்கினார். இன்று உலகம் முழுவதும் பிள்ளைகள் பாடும் ‘டோ, ரே, மி’ அதிலிருந்து வந்ததே. அவருடைய புதுமுறையைப் பொம்போசா மடத்துத் துறவிகள் சிலர் விரும்பவில்லை என்றும், அதனால் அவர் அரேட்சோ நகருக்குச் சென்றார் என்றும் வரலாறு கூறுகிறது. பின்னர்த் திருத்தந்தை 19ஆம் அருளப்பரே அவரை உரோமைக்கு அழைத்து அம்முறையைக் கேட்டறிந்தார்.

சுரத்துக்குப் பெயர் வைத்த அந்தக் கலையை மேலைநாட்டார் ‘சொல்ஃபேஜ்’ என்பர். 1970களில் போலந்து நாட்டின் வார்சா நகரில், சோபின் பெயர் தாங்கிய இசைக் கல்வி நிலையத்தில், ஒலிப்பதிவு கற்கும் மாணவர்களுக்குப் புதுப்பாடம் ஒன்று தொடங்கினார்கள். அதற்கு ‘ஒலிநிறச் சொல்ஃபேஜ்’ என்றே பெயரிட்டார்கள். சுரத்துக்குப் பதிலாக அதிர்வெண் பகுதியைக் காதால் அறியும் பாடம் அது. பிறகு கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்திலும் இப்படிப்பட்ட பயிற்சி இடம்பெற்றது. அன்று ஒலிநாடாவும் விலையுயர்ந்த கருவிகளும் கொண்ட கூடத்தில் சிலர் மட்டுமே பெற்ற பாடம், இன்று ஒரு கைபேசிக்குள் அடங்கியிருக்கிறது. செயலி நேற்றுப் பிறந்ததாயினும் பாடம் அரை நூற்றாண்டு கண்டது.

இதெல்லாம் ஒலிப்பதிவுக் கூடத்தாருக்குச் சரி, பள்ளிப் பிள்ளைகளுக்கு எதற்கு என்பீர்கள். எங்கள் பதில் கடைசி வரிசையில் இருக்கிறது. ஆண்டு விழாவுக்கு வரும் பாட்டிமார் அங்கேதான் அமர்கிறார்கள். பேத்தி மேடையில் பேசுகிறாள், பாக்ஸ் இரண்டும் அதிர்கின்றன, பாட்டி பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து, “சத்தம் கேக்குது தாயி, சேதிதான் கேக்கல” என்கிறார். உடனே யாரோ ஒருவர் கையசைத்து ஒலியைக் கூட்டச் சொல்கிறார். கூட்டுகிறார்கள். சத்தம் பெருகுகிறது, சேதி மட்டும் பெருகுவதில்லை.

இதன் காரணத்தை அறிந்தால் வியப்பு நீங்கும். பேச்சொலியின் வலுவில் பெரும்பகுதி 1,000 ஹெர்ட்சுக்குக் கீழே, உயிரெழுத்துகளில் உள்ளது. சொல்லை இன்ன சொல் என்று பிரித்துக் காட்டும் மெய்யெழுத்துகளின் அடையாளமோ பெரும்பாலும் 2,000 ஹெர்ட்சை ஒட்டியும் அதற்கு மேலும் உள்ளது. படம், தடம், கடம் என்னும் மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். வேறுபாடு முதலெழுத்தில் மட்டுமே. அந்த மெல்லிய வெடிப்பு காதில் விழாவிட்டால் மூன்றும் ஒன்றே. முதுமையில் காது முதலில் இழப்பது இந்த மேற்பகுதியைத்தான். போதாக்குறைக்கு நம் மண்டபம் சிமென்ட்டுச் சுவரும் வழவழப்பான தரையும் உடையது. கூடியிருப்போரின் உடுப்பு மேற்பகுதியை உறிஞ்சிக்கொள்ள, கீழ்ப்பகுதி மட்டும் சுவருக்குச் சுவர் மோதி நெடுநேரம் உருள்கிறது. ஆகவே பாட்டியின் காதில் ‘அடம், அடம்’ என்று ஒரு முழக்கமே மிஞ்சும். இந்த நிலையில் மொத்த ஒலியைக் கூட்டுவது, குழம்பில் உப்பு குறைந்ததற்குத் தண்ணீர் ஊற்றுவது போன்றதாகும். 250ஐச் சுற்றிச் சற்றுக் குறைத்து, 2,000 முதல் 4,000 வரை சிறிது உயர்த்தினால் போதும். ஒலியைக் கூட்டாமலே சேதி துலங்கும். தொலைபேசியை வகுத்தவர்கள் இதை அந்நாளிலேயே அறிந்திருந்தார்கள். நெடுங்காலம் தொலைபேசிக் கம்பியில் சென்றது 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதி மட்டுமே. பேச்சு விளங்குவதற்கு அடித்தொனி தேவையில்லை என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டுமா?

நம் பள்ளிக்கென்றே இன்னொரு செய்தி. பெண்பிள்ளைகளின் பேச்சுக் குரல் பொதுவாக 200 ஹெர்ட்சை ஒட்டியோ அதற்கு மேலோதான் தொடங்குகிறது. எனவே மைக்கில் 100 ஹெர்ட்சுக்குக் கீழே முழுவதையும் வெட்டிவிட்டாலும் எங்கள் குரலுக்கு இழப்பில்லை. மேடைப் பலகையில் காலடி விழும் ‘தொம்’, விசிறிக் காற்று, ‘ப’ என்னும்போது மைக்கில் மோதும் மூச்சு, 50 ஹெர்ட்சில் ஓடும் மின்சாரத்தின் அடிமுனகல் ஆகியவைதாம் குறையும். பல மிக்சர்களில் இதற்கென்றே ஒரு பொத்தான் உண்டு. அதை அமுக்கி வைப்பார் இல்லை.

மைக் கூவுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாக்ஸிலிருந்து வரும் ஒலி மறுபடி மைக்குக்குள் புகுந்து, சுற்றிச் சுற்றிப் பெருகும்போது ஏதோ ஓர் அதிர்வெண் முந்திக்கொண்டு ஊளையிடும். மைக்கை வாய்க்கு அருகில் பிடிப்பதும், பாக்ஸுக்குப் பின்னால் நிறுத்துவதும்தான் முதல் மருந்து. அதற்கும் அடங்காவிட்டால் ஈக்வலைசரில் அந்த ஒரு பகுதியை மட்டும் இறக்க வேண்டும். பெரிய ஈக்வலைசரில் 31 நெம்புகள் வரிசையாக நிற்கும். எதை இறக்குவது? எங்கள் ஊர் மைக் செட்டுக்கார அண்ணன் செயலி எதையும் கண்டவரல்லர். கூவல் எழுந்தால் அவர் கை நேரே உரிய நெம்புக்குப் போகும். “நடு ஜாஸ்தி” என்று அவர் சொல்வதைத்தான் நாங்கள் 500 என்கிறோம். இருபது ஆண்டுத் திருவிழாக்களும் கல்யாணங்களும் அவருக்குக் கற்றுக் கொடுத்ததை எந்தச் செயலியும் ஒரு பருவத்தில் கற்றுத் தராது. ஆயினும் திருவிழா மேடைக்கு எங்களை யார் இருபது ஆண்டுகள் அனுப்பி வைப்பார்கள்?

அதிர்வெண்ணைப் பட்டை பட்டையாகத் திரையில் வரைந்து காட்டும் செயலியும் இருக்கிறதே, காதை எதற்கு வருத்த வேண்டும் என்று இயற்பியல் படிக்கும் தோழியர் சிலர் வாதிட்டனர். நல்ல வாதம்தான். அந்தக் கருவி எது எவ்வளவு என்று காட்டும். அது உறுத்துகிறதா, உகந்ததா என்று காட்டாது. அதுவுமன்றி, மேடையில் பேசுகிறவளைப் பார்க்க வேண்டிய கண் திரையில் கிடந்தால் அவள் மைக்கை விட்டு விலகியது தெரியாமல் போகும். முதலில் காதால் கணித்துவிட்டு, பிறகு திரையைப் பார்த்துச் சரிபார்ப்பதே முறை என்று கருதுகிறோம். கணக்குப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் விடை இருப்பதுபோல் அது இருந்துவிட்டுப் போகட்டும்.

செயலிகளிடம் எங்களுக்குக் குறையும் உண்டு. நான்கு விடைகளில் ஒன்றைத் தொடச் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு தொடுகிறவளுக்கும் நான்கில் ஒன்று சரியாக வரும். ஒரே பாட்டை நாற்பது முறை கேட்டவளுக்குப் பாட்டு மனப்பாடமாகுமே தவிர அதிர்வெண் ஆகாது. புள்ளிகளையும் நட்சத்திரங்களையும் தொடர் வெற்றிக் கணக்கையும் காட்டிக் காட்டி, இன்னும் ஒரு சுற்று, இன்னும் ஒரு சுற்று என்று இழுக்கும் தந்திரம் எங்களுக்குப் பிடிக்கவில்லை. பத்து நிமிடத்துக்குமேல் காது களைத்துவிடும். களைத்த காது கற்பதில்லை. கைபேசியின் சிறு ஒலிபெருக்கியில் பயில்வதும் வீண். சில நூறு ஹெர்ட்சுக்குக் கீழே அதில் அநேகமாக ஒன்றுமே எழாது. இல்லாத ஒலியை எப்படி இனம் காண்பது? கம்பியுள்ள சாதாரண ஹெட்போன் போதும்.

ஒலியின் அளவில் மட்டும் விட்டுக்கொடுக்கலாகாது. இதில் அன்னையர் கவலைப்படுவது முற்றிலும் நியாயம். உள்காதில் நத்தை ஓடு போலச் சுருண்டிருக்கும் ஓர் உறுப்பு உண்டு. புதபெஸ்டில் தொலைபேசி ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய கியோர்க் ஃபான் பெக்கெஷி என்பவர் அதை ஆராய்ந்தார். உயர்ந்த ஒலிக்கு வாயிலருகிலும் தாழ்ந்த ஒலிக்கு உட்கோடியிலும் அதன் சவ்வு மிகுதியாக அசைவதைக் கண்டறிந்தார். அதற்காக 1961இல் நோபல் பரிசும் பெற்றார். அதாவது நம் காதுக்குள்ளேயே இறைவன் ஓர் ஈக்வலைசரை விரித்து வைத்திருக்கிறார். பயிற்சியால் நாம் புதிதாக எதையும் உண்டாக்குவதில்லை, காது ஏற்கெனவே பிரித்துத் தருவதற்குப் பெயர் வைக்கிறோம். அங்குள்ள நுண்மயிர் உயிரணுக்கள் ஒரு காதுக்குச் சுமார் 15,000தான். மாண்டால் மறுபடி முளைக்க மாட்டா. உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் 2019இல் வகுத்த நெறிப்படி, பெரியவர்களுக்கு 80 டெசிபல் அளவில் வாரம் 40 மணி நேரம் எல்லை. பிள்ளைகளுக்கு அதே நேரத்துக்கு 75 டெசிபல்தான். அருகிலிருப்பவர் இயல்பாகப் பேசுவது காதில் விழும் அளவுக்கு மேல் வைக்கும் தோழியிடமிருந்து ஹெட்போனைப் பிடுங்கிவிடலாம் என்பது எங்கள் துணிபு.

பெண்பிள்ளைகளுக்கு மிக்சர் எதற்கு என்று ஒரு பெற்றோர் கேட்டாராம். மேடையில் முந்நூறு பெண்பிள்ளைகள் ஆடிப் பாட, அவர்கள் குரலை ஆள்வது மட்டும் எப்போதும் வேறொருவர் கையில் இருப்பது ஏன் என்று நாங்கள் திருப்பிக் கேட்கிறோம். இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜில் கணிதமும் இசையும் கற்ற டெலியா டெர்பிஷயர் 1959இல் டெக்கா ஒலிப்பதிவு நிறுவனத்தில் வேலை கேட்டபோது, பதிவுக்கூடத்தில் பெண்களை வைத்துக்கொள்வதில்லை என்று அனுப்பிவிட்டார்கள். பிறகு பி.பி.சி.யில் சேர்ந்தார். ஒரு விளக்கின் தகரக் கவிப்பைத் தட்டி, அந்த ஓசையைப் பகுதி பகுதியாகப் பிரித்துக் கேட்டு, அதிலிருந்தே புதிய இசையை உருவாக்கினார். 1963இல் ‘டாக்டர் ஹூ’ தொலைக்காட்சித் தொடருக்கு அவர் அமைத்துத் தந்த ஒலி இன்றும் பேசப்படுகிறது. அவரிடம் செயலி இல்லை. நாடாவும் கத்தியும் பழகிய காதும் இருந்தன.

எல்லாவற்றையும்விட எங்களைச் சிந்திக்க வைத்தது ஒன்று. 2005இல் பிரிட்டனில் ஹோவர்ட் ஸ்டேப்பிள்டன் என்பவர் 17,000 ஹெர்ட்சுக்கு மேற்பட்ட ஒலியெழுப்பும் ‘மஸ்கிட்டோ’ என்னும் கருவியைச் செய்தார். கடைவாசலில் கூடும் இளைஞரை அது விரட்டும். நடுவயதுக்காரர் காதில் அநேகமாக விழாது. உடனே அங்குள்ள மாணவர்கள் அதே ஒலியைக் கைபேசி மணியாக வைத்துக்கொண்டு வகுப்பில் ஆசிரியருக்குத் தெரியாமல் செய்தி பெற்றார்களாம். (நம் பள்ளியில் இதைச் சோதிக்க வேண்டாம். இளஞ்சகோதரியர் பலர் இருக்கிறார்கள்.) சிரித்து முடித்தபின் எண்ணிப் பார்த்தோம். மிக்சரில் அமர்கிறவளுக்கு வயது 16, கேட்கிறவருக்கு 70. தன் காதுக்குத் துலக்கமாக இருப்பது அவர் காதுக்குப் போய்ச் சேருவதில்லை. தன் காதை எத்தனை கூர்மையாகத் தீட்டினாலும், அடுத்தவர் காது கேட்பதை எந்தச் செயலியும் காட்டித் தரப்போவதில்லை. 4,000 எங்கே இருக்கிறது என்று அறிந்தவள், அது கடைசி வரிசையில் இருக்கிறதா என்று எழுந்து போய்க் கேட்டு வர வேண்டும்.

ஆகவே பள்ளி நிர்வாகத்திடம் எங்கள் விண்ணப்பம் இதுதான். சிம் கார்டு இல்லாத பழைய கைபேசிகள் இரண்டும் ஹெட்போன்கள் இரண்டும் அலுவலகத்தில் இருக்கட்டும். மதிய இடைவேளையில் ஆளுக்குப் பத்து நிமிடம், இயற்பியல் ஆசிரியை முன்னிலையில் பயில்கிறோம். கணித்தது எது, விடை எது என்று அன்றன்று நோட்டில் எழுதி வைக்கிறோம். ஆண்டு விழா ஒத்திகையின்போது வெறும் மண்டபத்தில் ‘ஹலோ, மைக் டெஸ்டிங்’ என்று சொல்லிக்கொண்டிராமல், பாட்டி தாத்தா நால்வரை அழைத்துக் கடைசி வரிசையில் அமர வைக்க வேண்டும். மேடையிலிருந்து படம், தடம், கடம் என்று மாற்றி மாற்றிச் சொல்வோம், கேட்டதை அவர்கள் சொல்லட்டும். அவர்கள் சொல்வதைக் கொண்டே நெம்புகளை ஏற்றி இறக்குவோம், மைக் செட்டுக்கார அண்ணன் பக்கத்தில் இருக்கட்டும். தலைமைச் சகோதரி இசைந்தால் வரும் ஜூலையிலேயே தொடங்கலாம். நோட்டுப் புத்தகத்துக்கு அட்டையும் போட்டாயிற்று.